சொல் காத்த சைவப் பெருந்தகை சர் பொன்னம்பலம் அருணாசலம்

திருவிழாச் சிறப்பு மலர்களில் நாயன்மார் வரலாறும் தலபுராணமும் இடம்பெறுவது நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கிலிருந்து சற்றே விலகி, அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரின் வரலாற்றை இம்முறை மெய்யன்பர்கள் முன் வைக்கின்றோம். அன்னார் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் 38 ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்தவர். ஓய்வு பெற்ற பின்னரே அரசியல் மேடையில் ஏறியவர். பத்தே ஆண்டுகளில் ஒரு நாட்டின் அரசியல் போக்கையே மாற்றியவர். இறுதியில் தென்னாட்டுத் திருக்கோயில்களைத் தரிசிக்கச் சென்ற இடத்தில், மதுரை மாநகரில் உயிர் நீத்தவர். இலங்கையில் பிறந்து வளர்ந்து தொண்டாற்றிய சர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களே அப்பெருமகனார்.

உத்தியோகம் வேறு, பக்தி வேறு, அரசியல் வேறு என்று பிரித்துப் பார்ப்பது நம்மில் பலருக்கும் பழகிவிட்டது. அருணாசலம் அவர்களின் வாழ்வில் இம்மூன்றும் எவ்வாறு ஒன்றாக நின்றன என்பதையும், கொடுத்த வாக்கு ஒன்றுக்காக அன்னார் எதை இழக்கத் துணிந்தார் என்பதையும் இனிக் காண்போம்.

கோயில் கட்டிய குடும்பம்

யாழ்ப்பாணத்து மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட பொன்னம்பல முதலியாருக்கும் செல்லாச்சி அம்மையாருக்கும் மைந்தராக 1853ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் கொழும்பில் அருணாசலம் பிறந்தார். மூத்தவர் குமாரசாமி, அடுத்தவர் இராமநாதன், இளையவர் அருணாசலம். சகோதரர் மூவருமே பிற்காலத்தில் இலங்கைச் சட்டசபையில் அமர்ந்தவர்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தந்தையார் பொன்னம்பல முதலியார் செல்வமும் செல்வாக்கும் உடையவர். கொழும்பு கொச்சிக்கடையில் ஸ்ரீ பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை 1857ஆம் ஆண்டு எழுப்பியவர் அவரே. இன்று கொழும்புக்குச் செல்லும் நம்மவர் கண்டு வியக்கும் கருங்கல் திருப்பணி அவர் காலத்தது அன்று. 1907ஆம் ஆண்டு தொடங்கி 1912ஆம் ஆண்டுக்குள், இரண்டாவது மைந்தரான சர் இராமநாதன் அவர்கள் அக்கோயிலை முழுவதும் கல்லால் புதுப்பித்தார். தந்தை எழுப்பியதை மைந்தர் கல்லாக்கினார். ஆலயத் திருப்பணிக்கு நிதி திரட்டுவதன் சிரமம் அறிந்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

தாய்வழிப் பாட்டனார் குமாரசாமி முதலியார் இலங்கைச் சட்டசபையில் அமர்ந்த முதல் தமிழ்ப் பிரதிநிதி. தாய்மாமன் சர் முத்துக்குமாரசாமி, கிறித்தவராகவோ யூதராகவோ இல்லாதவர்களுள் இங்கிலாந்தில் பாரிஸ்டராக அழைக்கப்பட்ட முதல்வர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் தந்தவரும் அவரே. அம்மாமனின் மைந்தர்தாம் கலைத் திறனாய்வில் உலகப் புகழ் கொண்ட ஆனந்த குமாரசாமி. இத்தகைய சூழலில் வளர்ந்த பிள்ளைக்குக் கல்வி தானே வந்தது என்று கொள்ளலாகாது. ஆயினும், அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிட்டாத வாயில்கள் அவருக்குத் திறந்திருந்தன என்பதையும் மறுத்தற்கில்லை.

கொழும்பு அக்காடமி என்று அந்நாளில் வழங்கிய, இந்நாளைய ரோயல் கல்லூரியில் பயின்ற அருணாசலம், 1870ஆம் ஆண்டு உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கிறைஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலும் பண்டை மொழிகளிலும் தேர்ச்சி பெற்றதுடன் சட்டமும் பயின்று பாரிஸ்டர் ஆனார். அங்கே அவருக்கு வாய்த்த நட்புகளுள் ஒன்று வாழ்நாள் முழுவதும் நீடித்தது. எட்வர்ட் கார்ப்பென்டர் என்னும் ஆங்கில எழுத்தாளரே அந்நண்பர். அருணாசலம் அனுப்பி வைத்த பகவத்கீதை மொழிபெயர்ப்பு அவ்வாங்கிலேயரின் சிந்தனைப் போக்கையே திருப்பிவிட்டது. அது பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

கச்சேரி உத்தியோகம்

இலங்கை சிவில் சேவைக்கு அந்நாளில் நடைபெற்ற திறந்த போட்டித் தேர்வில் தேறி, 1875ஆம் ஆண்டு அருணாசலம் நாடு திரும்பினார். அத்தேர்வின் வழியாக அச்சேவையில் நுழைந்த முதல் இலங்கையர் அன்னாரே. சிபாரிசாலும் நியமனத்தாலும் உத்தியோகம் பெற்றவர்கள் முன்னர் இருந்தனர். வெள்ளையரோடு சமமாக உட்கார்ந்து தேர்வெழுதி வென்று வந்தவர் அதற்கு முன் எவரும் இலர்.

கொழும்புக் கச்சேரியில் அன்னாரின் பணி தொடங்கியது. நம் நாட்டு வாசகர்கள் கச்சேரி என்றதும் பாட்டுக் கச்சேரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இலங்கையில் மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்குக் கச்சேரி என்றே பெயர். அங்கிருந்து நீதித்துறைக்கு மாற்றப்பட்டு, மாஜிஸ்திரேட்டாகவும் பின்னர் மாவட்ட நீதிபதியாகவும் இலங்கையின் பல பகுதிகளில் பணியாற்றினார். 1883ஆம் ஆண்டு ஸ்வர்ணம் அம்மையாரை மணந்தார். ஊர் ஊராக மாறிச் சென்ற இக்காலத்தில்தான் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய முத்தரப்பு மக்களின் வாழ்வையும் வழக்கையும் அவர் நேரில் கண்டார். பிற்காலத்தில் எல்லா இனத்தாரும் நம்பும் தலைவராக அவர் எழுந்ததற்கு வேர் இங்கேதான் என்பது அடியேனின் கருத்து.

ஆளுநர் சர் ஆர்தர் கோர்டன் காலத்தில் அன்னாரின் உத்தியோக வாழ்வில் பெருந்திருப்பம் நேர்ந்தது. தம்மினும் மூத்த அதிகாரிகள் பலர் காத்திருக்க, அவர்களைக் கடந்து பதிவாளர் நாயகமாகவும் மேல் மாகாணத்தின் பிஸ்காலாகவும் அருணாசலம் நியமிக்கப்பட்டார். பிஸ்கால் என்பவர் நீதிமன்றத் தீர்ப்புகளை நிறைவேற்றும் அதிகாரி. கடந்து செல்லப்பட்ட அதிகாரிகளிடையே முணுமுணுப்பும் ஆட்சேபமும் எழுந்தன.

பதிவாளர் நாயகம் என்னும் பதவியைப் பற்றி இங்கே சிறிது விரித்துரைக்க வேண்டும். பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றின் பதிவும், காணி உறுதிகளின் பதிவும் அவ்வலுவலகத்தின் பொறுப்பு. காணி உறுதி என்றால் நிலப்பத்திரம். பதிவேடு ஒழுங்காக இல்லாவிடில் என்ன ஆகும்? ஒரே நிலத்தை இருவருக்கு விற்கலாம். இறந்தவர் கையொப்பமிட்டதாகப் பத்திரம் எழுதலாம். எழுத்தறியாத குடியானவன் தன் பாட்டன் உழுத நிலத்தைத் தனது என்று காட்ட வழியின்றி நிற்பான். தேட வேண்டிய பத்திரத்தைத் தேடித் தர எழுத்தருக்குக் கையூட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். சீர்கெட்டுக் கிடந்த அத்தகைய அலுவலகத்தை அருணாசலம் பொறுப்பேற்றுப் பதிவேடுகளை ஒழுங்குபடுத்தினார். ஊழலுக்கு இடந்தந்த வழிகளை அடைத்தார். பொதுமக்கள் தமக்குரிய ஆவணத்தைத் தாமே கேட்டுப் பெறும் நிலையை உண்டாக்கினார்.

ஆலயச் செயலாளராக ஆண்டுதோறும் கூட்டக் குறிப்பும் வரவு செலவுக் கணக்கும் எழுதிவரும் அடியேனுக்கு, அன்னாரின் வாழ்வில் மிகவும் மனத்தைத் தொட்ட பகுதி இதுவே. மேடைப் பேச்சு நினைவில் நிற்கும். மாலை மரியாதை படத்தில் நிற்கும். ஒழுங்காக எழுதப்பட்ட பதிவேட்டைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆனால் ஓர் ஏழையின் நிலம் அவனுக்கே மிஞ்சியதென்றால் அதற்குக் காரணம் அந்தப் பதிவேடுதான்.

1901ஆம் ஆண்டு இலங்கையில் எடுக்கப்பட்ட குடிமதிப்பும் அன்னாரின் பொறுப்பிலேயே நடந்தது. 35 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கணக்கிட்ட அக்குடிமதிப்பின் அறிக்கையை அவர் வெறும் எண்களின் தொகுப்பாக விட்டுவிடவில்லை. அந்நாட்டின் வரலாறு, சமயங்கள், சாதி வழக்கங்கள், மொழிகள் ஆகியவற்றை ஆராய்ந்தெழுதிய நூலாகவே அதனை ஆக்கினார். அரசாங்க அறிக்கையை விரும்பிப் படிப்போர் அரிது. அருணாசலத்தின் அறிக்கை அறிஞர்களால் படித்துப் பாராட்டப்பட்டது. 1906இல் இலங்கை வரலாறு பற்றிய நூலும், 1910இல் இலங்கையின் சிவில் சட்டத் தொகுப்பின் முதற்பகுதியும் அன்னாரின் பெயரில் வெளிவந்தன.

1906இல் சட்டசபையிலும் 1912இல் ஆளுநரின் நிர்வாக சபையிலும் உத்தியோகப் பிரதிநிதியாக இடம் பெற்றார். இவ்வளவு திறமை இருந்தும், சேவையின் உச்சப் பதவிகள் ஐரோப்பியருக்கே உரியவை என்ற எழுதாச் சட்டம் அந்நாளில் நிலவியது. தகுதியில் தமக்குக் கீழ்ப்பட்டோர் நிறத்தால் மேலே செல்வதை ஒரு மனிதர் 38 ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால் அவர் உள்ளத்தில் என்ன விளைந்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். 1913இல் ஓய்வு பெற்றார். ஓய்வையொட்டி சர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தனர்.

ஞான நாட்டம்

உத்தியோகக் காலம் முழுவதும் அன்னாரின் உள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்த மற்றோர் ஆற்றை இங்கே சொல்லியாக வேண்டும். இராமநாதனும் அருணாசலமும் தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த இராமசாமி என்னும் ஞானியாரைக் குருவாகக் கொண்டவர்கள். 1890இல் கார்ப்பென்டர் இலங்கைக்கு வந்து தம் நண்பருடன் தங்கியபோது, அந்த ஞானியாரிடம் அவரை அழைத்துச் சென்று உரையாட வைத்தவர் அருணாசலமே. அவ்வனுபவத்தைக் கார்ப்பென்டர் 1892இல் வெளியிட்ட தமது பயண நூலில் விரிவாக எழுதினார். தமிழ் ஞானி ஒருவரின் போதனை மேனாட்டு வாசகர் கைக்குப் போய்ச் சேர்ந்தது இவ்வாறுதான்.

நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் பகலெல்லாம் உழைத்தவர், ஓய்ந்த நேரத்தில் திருவாசகத்தையும் தாயுமானவரையும் ஞானவாசிட்டத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றின் பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். எண்ணங்கள் ஓய்ந்தும் அறிவு ஓயாத அந்த நிலையை, சித்தர்களும் தாயுமானவரும் தூங்காமல் தூங்குவதாகப் பாடிய நிலையை, மேனாட்டார் புரிந்துகொள்ளும்படி விளக்கிக் கட்டுரை எழுதினார். சமயக் கட்டுரைகளும் மொழிபெயர்ப்புகளும் அன்னாரின் மறைவுக்குப் பின் 1937இல் ஒரே நூலாகத் தொகுக்கப்பட்டன.

அரச ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளைக்குத் தலைவரான முதல் இலங்கையரும் அவரே. பொலன்னறுவையின் பாழடைந்த சிவன் கோயில்களில் 1907ஆம், 1908ஆம் ஆண்டுகளில் தொல்லியல் துறையினர் செய்த அகழாய்வின்போது வெண்கலத் திருமேனிகள் பல வெளிப்பட்டன. ஆடவல்லான், அம்மை, சமயக் குரவர்கள் முதலிய அத்திருமேனிகள் மண்ணுக்கடியில் பல நூற்றாண்டுகள் கிடந்தவை. அவற்றை உலோகக் கலைப் பொருள்களாக மட்டும் அறிஞர்கள் எடை போட்டபோது, அவை வழிபடப்பட்ட மூர்த்தங்கள் என்பதையும், திருநடனத்தின் ஒவ்வோர் அங்கத்துக்கும் உள்ள உட்பொருளையும் அச்சங்கத்திலேயே ஆய்வுரையாக வழங்கினார் அருணாசலம். இன்று அவை கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. இலங்கைக்குச் செல்லும் அன்பர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கியேனும் தரிசித்து வருதல் நன்று.

அரசியல் மேடை

ஓய்வு பெற்ற உத்தியோகத்தர்களுக்கு ஓய்வூதியமும் சாய்வு நாற்காலியும் உண்டு. அறுபது வயதில் அருணாசலம் புதிய வாழ்வைத் தொடங்கினார். 1915இல் இலங்கை சமூக சேவைச் சங்கத்தை நிறுவி, கொழும்பின் சேரிப்புறங்களில் ஏழை மக்களின் கல்விக்கும் மருத்துவத்துக்கும் வழி தேடினார். அதே ஆண்டில் சிங்களவர்க்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் மூண்டு, இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, விசாரணையின்றியும் அவசர விசாரணையிலும் பலர் தண்டிக்கப்பட்டனர். தமையனார் இராமநாதன் சட்டசபையில் சிங்கள மக்களுக்காகக் குரல் எழுப்பியதும், பின்னர் அவரை மக்கள் தேரில் அமர்த்தித் தாமே இழுத்துச் சென்றதும் பலரும் அறிந்தவை. தங்கள் நாட்டு ஆட்சியில் தங்களுக்குப் பங்கில்லை என்பதை அக்கலவரம் இலங்கையருக்கு உணர்த்தியது.

1917 ஏப்ரலில் நாட்டின் அரசியல் தேவைகள் குறித்து அருணாசலம் ஆற்றிய உரை, இலங்கை அரசியலில் ஒரு திருப்பமாயிற்று. ஆட்சியின் உள்ளே இருந்து எல்லாவற்றையும் பார்த்த ஒருவர், ஆளுநருக்கும் உத்தியோகத்தர்களுக்கும் மட்டுமே அதிகாரம் இருப்பதன் கேட்டை எண்ணிக்கையும் சான்றும் காட்டி எடுத்துரைத்தார். அதனை மறுப்பது அரசாங்கத்துக்கு எளிதாக இல்லை. அவ்வாண்டே இலங்கைச் சீர்திருத்தக் கழகம் அன்னாரின் தலைமையில் தோன்றியது.

அந்நாளில் அவர் கையிலெடுத்த மற்றொரு பணி நம் நாட்டு வாசகர்களின் உள்ளத்துக்கு நெருக்கமானது. தமிழகத்திலிருந்து கங்காணிமார் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட தொழிலாளர் நிலையே அது. நம் முன்னோர் இந்நாட்டு இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த கதையும் ஏறக்குறைய இதுதானே! தொழிலாளி ஒருவனின் கடன் முழுவதும் துண்டு எனப்படும் சீட்டில் எழுதப்பட்டிருக்கும். அவனை வேலைக்கு எடுக்கும் புதிய தோட்டம் அத்துண்டுக்குப் பணம் கட்ட வேண்டும். கடனும் அவனோடு தோட்டம் தோட்டமாக நடந்து செல்லும். அறிவிப்பின்றி வேலையை விட்டுப் போனால் சிறை. முதலாளி ஒப்பந்தத்தை மீறினால் வழக்கு. தொழிலாளி மீறினால் விலங்கு. இத்தகைய குற்ற வழக்குகள் மாஜிஸ்திரேட்டுகளின் முன் வருவது அந்நாளில் அன்றாட நிகழ்ச்சி. எனவே அருணாசலம் ஏட்டில் படித்து எழுதியவர் அல்லர் என்று கொள்ளலாம்.

1919இல் பெரி. சுந்தரம் போன்றோரின் துணையுடன் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தையும், 1920இல் இலங்கைத் தொழிலாளர் சம்மேளனத்தையும் அமைத்தார். வேலையை விட்டதற்காகத் தொழிலாளியைச் சிறையிடும் சட்டப் பிரிவுகளை நீக்க வேண்டும் என்று விடாது வாதாடினார். இந்தியாவிலிருந்தும் இதற்குக் கோரிக்கை வலுத்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறை ஒழிந்தது. சிறைத் தண்டனைப் பிரிவுகளும் அக்காலத்திலேயே நீங்கின. சர் பட்டம் பெற்ற கொழும்புக் கனவான் ஒருவர், தமக்கு வாக்குரிமையாலோ உறவாலோ எந்தப் பயனும் தர முடியாத தோட்டத்துக் கூலி மக்களுக்காக நின்றார் என்பதை நாம் நன்றியுடன் குறித்துக்கொள்ள வேண்டும்.

இலங்கைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற இயக்கத்தை 1906 முதற்கொண்டு நடத்தி வந்தவரும் அவரே. ஆங்கிலம் படித்த இளைஞர் தாய்மொழியில் நாலு வரி எழுத அறியாதிருப்பதைக் கண்டு வருந்தி, தமிழும் சிங்களமும் உயர்கல்வியில் உரிய இடம் பெற வேண்டும் என்று வற்புறுத்தினார். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. 1942இல் அது பல்கலைக்கழகமாக மலர்ந்தபோது அன்னார் இல்லை.

கொடுத்த வாக்கு

இனி இவ்வரலாற்றின் கனத்த பகுதிக்கு வருவோம்.

இலங்கை முழுமைக்கும் ஒரே தேசியப் பேரவை அமைக்க வேண்டும் என்பது அருணாசலத்தின் கனவு. சிங்களத் தலைவர்கள் அதற்கு இசைந்தனர். யாழ்ப்பாணத் தலைவர்களோ தயங்கினர். அதுவரை சட்டசபையில் இனவாரியாகப் பிரதிநிதிகள் நியமிக்கப்பட்டு வந்தனர். இனி நிலப்பகுதி வாரியாகத் தேர்தல் என்று வந்தால், எண்ணிக்கையில் குறைந்த தமிழருக்கு என்ன மிஞ்சும் என்பது அவர்களின் ஐயம். அவ்வையம் நியாயமானதே என்று அருணாசலமும் உணர்ந்தார். ஆகவே, கொழும்பு அடங்கிய மேல் மாகாணத்தில் தமிழருக்கென ஓர் இடம் ஒதுக்குவதை ஆதரிப்பதாக, 1918 டிசம்பரில் சிங்களத் தலைவர்களான ஜேம்ஸ் பீரிஸ், ஈ. ஜே. சமரவிக்கிரம ஆகிய இருவரிடமும் எழுத்து மூலம் உறுதி பெற்றார். அதனை யாழ்ப்பாணச் சங்கத்தாரிடம் அனுப்பித் தம் வாக்கையும் அதனுடன் சேர்த்துக் கொடுத்தார். யாழ்ப்பாணத்தார் நம்பியது அந்தக் கடிதத்தையா, அருணாசலம் என்ற மனிதரையா என்று கேட்டால், மனிதரையே என்று சொல்லத் தோன்றுகிறது.

1919 டிசம்பர் 11ஆம் நாள் இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்தது. அதன் முதல் தலைவர் அருணாசலம். பெரும்பான்மைச் சிங்களவர் அமர்ந்திருந்த பேரவைக்குத் தமிழர் ஒருவர் ஏகமனதாகத் தலைமை தாங்கிய அந்நாளை இலங்கை வரலாற்றில் மீண்டும் காண்பது அரிதாயிற்று.

1920இல் அரசியல் சீர்திருத்தம் வந்தது. 1921இல் தேர்தல். கொழும்பு நகரத் தொகுதியில் அருணாசலம் நிற்பார் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அவ்விடம் ஜேம்ஸ் பீரிசுக்கே சென்றது. மேல் மாகாணத் தமிழ்த் தொகுதி பற்றிய உறுதியோ, அதைக் கொடுத்தவர்கள் தனிப்பட்ட முறையில் கொடுத்தது, காங்கிரசைக் கட்டுப்படுத்தாது என்ற வாதத்துக்கு ஆளாயிற்று. சிங்களத் தலைவர்கள் பக்கத்திலும் அவர்களுக்குரிய நியாயங்கள் சொல்லப்பட்டன. உறுதி கொடுத்த காலத்துச் சூழ்நிலை வேறு, சீர்திருத்தம் வந்த பின் சூழ்நிலை வேறு என்றனர். அவற்றை இங்கே எடை போடுவது நம் நோக்கமன்று. அருணாசலத்தின் நிலையை மட்டும் எண்ணிப் பார்ப்போம். வாக்குக் கொடுத்தவர் பிறர். அதற்குப் பிணை நின்றவர் இவர். யாழ்ப்பாணத்தார் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவரும் இவரே. தமக்கு ஓர் இடம் கிட்டவில்லை என்ற மனத்தாங்கல் என்று சிலர் இதனைச் சுருக்கிவிட்டனர். பதவிகளின் உள்ளும் புறமும் கண்டு சலித்த 68 வயது முதியவருக்கு ஒரு சட்டசபை நாற்காலி அவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று அடியேனால் நம்ப முடியவில்லை.

தாம் பெற்று வளர்த்த காங்கிரசை விட்டு அவர் 1921இல் வெளியேறினார். மக்களின் வாக்கால் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சட்டசபையில் அமரும் வாய்ப்பு அன்னாருக்குக் கடைசி வரை கிட்டவே இல்லை. 1923இல் இலங்கைத் தமிழர் கழகத்தை நிறுவினார். தமிழரின் ஒற்றுமையையும் பண்பாட்டையும் காப்பதே அதன் குறிக்கோள். பிற இனத்தாரோடு பகைமை பாராட்டுவது தம் நோக்கமில்லை என்பதையும் அவர் அன்று தெளிவுபடுத்தினார். ஆயினும் பிளவு பிளவுதான். அதன் பின் இலங்கையில் நேர்ந்த இழப்புகளை அறிந்த நமக்கு, அந்த 1921ஆம் ஆண்டைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. இந்நாட்டிலும் அத்துயரின் பங்கைச் சுமந்த குடும்பங்கள் உண்டு.

கதிர்காமமும் மதுரையும்

இவ்வாறு அரசியல் உறவுகள் முறிந்துகொண்டிருந்த காலத்திலேயே அருணாசலம் ஈடுபட்டிருந்த ஆய்வு எதுவென்று அறிந்தால் வியப்பு உண்டாகும். கதிர்காமத்து முருக வழிபாடு பற்றியதே அது.

இலங்கையின் தென்கோடியில், மாணிக்க கங்கைக் கரையில் உள்ளது கதிர்காமத் தலம். கருவறையில் காணத்தக்க திருவுருவம் இல்லை, திரையே தொங்கும். ஆடித் திருவிழாவின்போது இயந்திரம் அடங்கிய பேழை யானை மீது பவனி வரும். பூசை செய்பவர்கள் கப்புறாளை எனப்படும் சிங்களவர். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் காடுமேடு கடந்து நடந்து வருபவர்கள் தமிழர். முருகா என்று ஒரு சாராரும் கதரகம தெய்யோ என்று மற்றொரு சாராரும் அழைப்பது ஒரே வேலனைத்தான். பள்ளிவாசலும் அவ்வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. சங்க இலக்கியத்துக் குறிஞ்சி நிலக் கடவுளையும் வடமொழிப் புராணத்துக் கந்தனையும் கதிர்காமத்து வேலனையும் தொடர்புபடுத்தி அருணாசலம் அதனை விரிவாக எழுதினார். அரசியல் மேடையில் கைகூடாத ஒற்றுமை அந்தத் திரைக்கு முன்னால் இருப்பதை அவர் கண்டிருக்க வேண்டும். தைப்பூசத்தில் காவடி எடுக்கும் நம்மவர் அக்கட்டுரையைத் தேடிப் படித்தல் வேண்டும்.

1923ஆம் ஆண்டு முடிந்து 1924 பிறந்த வேளையில் அன்னார் தமிழகத்தில் இருந்தார். அரசாங்கக் காரியமோ மாநாடோ அவரை அங்கு அழைத்துச் செல்லவில்லை. திருத்தல யாத்திரையாகவே சென்றிருந்தார். ஜனவரி 9ஆம் நாள், அம்மை அங்கயற்கண்ணியும் சொக்கநாதரும் எழுந்தருளியிருக்கும் மதுரையில் அருணாசலம் அவர்கள் சிவபதம் எய்தினார்கள். வயது எழுபது.

மைந்தருள் ஒருவரான அருணாசலம் மகாதேவா பிற்காலத்தில் அரசியலில் இறங்கி, 1942இல் இலங்கையின் உள்துறை அமைச்சராகவும், பின்னர் இந்தியாவில் இலங்கைத் தூதராகவும் விளங்கினார். கொழும்பு காலிமுகக் கடற்கரை அருகே பழைய பாராளுமன்றக் கட்டடத்து வளாகத்தில் அருணாசலத்தின் சிலை நிற்கிறது. மக்களின் வாக்கால் அவர் நுழைய இயலாத சபையின் வாயிலில், கடலைப் பார்த்தபடி சட்டசபைகள் பல கலைந்து கூடியதை அச்சிலை கண்டது. கதிர்காமத்து முருக வழிபாடு பற்றிய அன்னாரின் கட்டுரை, அவர் மறைந்த 1924ஆம் ஆண்டிலேயே ஆசிய சங்கத்தின் ஏட்டில் அச்சாகி வெளிவந்தது.